பழைய இரும்புக்குப் போட்றாதீங்க, அது தும்பி

ஆசிரியர் அய்யாவுக்கு,

வணக்கம். நான் பாம்பன்ல விசைப்படகு இன்ஜின் வேலை பாக்குறவன், முப்பது வருசத்துக்கு மேல இதான் தொழில். போன மாசம் உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய பொம்மைகளப் பத்தி ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு, அட்டைப்பெட்டியப் பிரிக்காம வச்சிருந்தா இம்புட்டு, பிரிச்சிருந்தா இம்புட்டுன்னு வெளிநாட்டு ஏல விலையா அடுக்கியிருந்தீங்க, அதுல டிவி தொடர்ல வந்த விண்கலப் பொம்மைகளும் ரெண்டு மூணு இருந்துச்சு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. அந்த மாதிரிப் பொம்மை எங்க கடற்கரை வீடுகள்ல இன்னமும் பரண் மேல கிடக்குது, அது எப்படி பழைய இரும்புக் கடைக்குப் போகுதுன்னும் கண்ணால பாத்தவன் நான். விலைய மட்டும் போட்டா, பெட்டி இல்லாத பொம்மை எதுக்கும் ஆகாதுன்னு சனங்க நெனச்சுரும். அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கணும்.

1976-ல எனக்கு எட்டு வயசு. எங்க தாய்மாமா கப்பல்ல ஃபிட்டர், லீவுக்கு வரும்போது எல்லாருக்கும் துணி, சோப்பு, டார்ச் லைட்டுன்னு எடுத்துக் குடுத்துட்டு கடைசியா பெட்டி அடியில கையவிட்டு எனக்கு ஒரு பொம்மைய எடுத்தாரு. ஒரு சாண் நீளம் இருக்கும். முன்னாடி கொக்கு மூக்கு கணக்கா ஒரு தலை, பின்னாடி மணியக் கவுத்து வச்ச மாதிரி இன்ஜின் வாய், நடுவுல வெறும் எலும்புக்கூடா ஒரு வெள்ளைச் சட்டம், அந்தச் சட்டத்துக்கு அடியில ஒரு பெட்டி, அத தனியாக் கழட்டி மாட்டலாம். மத்ததெல்லாம் மினுமினுன்னு பச்சை. கையில வாங்குனா நல்ல கனம், பிளாஸ்டிக் பொம்மை மாதிரி லேசா இல்ல, ஒரு சாமான் கையில இருக்குன்னு தெரியும். எங்க அம்மாச்சி பாத்துட்டு "தும்பி மாதிரி இருக்கேடா"ன்னுச்சு. அன்னைக்கு வச்ச பேரு, இன்னைக்கும் எங்க வீட்ல அது தும்பிதான்.

அது என்னது, எந்தத் தொடர்ல வந்ததுன்னு யாருக்குத் தெரியும். எங்க தெருவுல அப்ப டிவியே கிடையாது. மாமாவும் ஏதோ துறைமுகத்துக் கடையில பாத்தாரு, புடிச்சிருந்துச்சு, வாங்கிட்டாரு, அம்புட்டுத்தான். நாங்க அத தென்கடல் மணல்ல வச்சு விளையாண்டோம். நடுப்பெட்டியக் கழட்டிட்டு அந்த எடத்துல சிப்பி, சோவி, ஒரு நாளு குட்டி நண்டக்கூட வச்சுக் கட்டி ஏத்திக்கிட்டுப் போவோம். அந்தப் பொம்மையச் செஞ்சவங்க நெனச்சதும் அதேதான்னு எனக்கு முப்பது வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அது சரக்கு ஏத்துற கலம். பெட்டிய மாத்தி மாத்திப் பூட்டலாம், ஆள் ஏத்துறதுக்கு ஒண்ணு, சரக்குக்கு ஒண்ணு.

85 வாக்குல மதுரையில சித்தப்பா வீட்ல தங்கி ஐடிஐ படிச்சேன். அப்ப தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டார் ட்ரெக் போடுவாங்க, தெருவே உக்காந்து பாக்கும். வட்டத் தட்டும் ரெண்டு குழாயுமா அந்த என்டர்பிரைஸ் கப்பல் வானத்துல நகர்றதப் பாத்தப்ப எனக்கு ஒடனே எங்க தும்பி ஞாபகம் வந்துச்சு, இதே மாதிரி அதுக்கும் ஒரு கதை எங்கயாச்சும் இருக்கணுமேன்னு. ஆனா எங்க போயித் தேட. ராமநாதபுரத்துல ப்ரவுசிங் சென்டர் வந்த பிறகுதான், பொம்மை வயித்துல வார்த்திருந்த எழுத்த ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுப் போயி தேடச் சொன்னேன். டிங்கி டாய்ஸ், மேட் இன் இங்கிலாந்து. பத்து நிமிசத்துல படம் வந்துருச்சு. எங்க தும்பிக்குப் பேரு ஈகிள். ஸ்பேஸ் 1999-ங்கிற பிரிட்டிஷ் தொடர்ல வந்த கலம், 1975-ல இருந்து 77 வரைக்கும் 48 எபிசோடு. நிலாவுல கொட்டி வச்ச அணுக்கழிவு 1999 செப்டம்பர் 13 அன்னைக்கு வெடிச்சு, நிலாவே பூமிய விட்டுப் பிச்சுக்கிட்டுப் போயிருது, அதுல மாட்டிக்கிட்ட 311 பேரோட கதை. அந்த நிலாத் தளத்துல இருந்து வெளிய போறதுக்கும் உள்ள வர்றதுக்கும் அவங்களுக்கு இருந்தது இந்தக் கலம்தான். அந்த சென்டர்ல உக்காந்து இதப் படிச்சப்ப நான் அழுதுட்டேன், சொல்றதுல ஒண்ணும் இல்ல, எங்க அம்மாச்சி அப்ப உயிரோட இல்ல.

இங்கதான் பெட்டிச் செய்தி எழுதுனவருக்கு ஒண்ணு சொல்லணும். இந்தப் பொம்மைகளோட அருமை பெட்டியில இல்ல, வேலையில இருக்கு. தொடர்ல பறந்த ஈகிள வடிவமைச்சவரு பிரையன் ஜான்சன், படம் எடுக்கக் கட்டின பெரிய மாடல் 44 அங்குலம். மேல ஒட்டியிருக்கிற குழாய், மூடி, தட்டுன்னு பொடிப்பொடி சாமான் நெறைய கடையில விக்கிற, நாமளே ஒட்டிச் செய்யுற பிளாஸ்டிக் மாடல் கிட் டப்பாவுல இருந்து பிச்சு ஒட்டுனது, ஏதோ டாங்கியோட சக்கரமா இருக்கும், அது அங்க போயி ராக்கெட் பாகமா மாறிரும். இத லிவர்பூல்ல பின்ஸ் ரோட்ல இருந்த, டிங்கி பொம்மைகளச் செஞ்ச மெக்கானோ கம்பெனிக்காரங்க பாத்து, எஃகு அச்சு வெட்டி, துத்தநாகக் கலவைய நானூறு டிகிரிக்குப் பக்கத்துல உருக்கி அந்த அச்சுக்குள்ள அழுத்தி ஏத்தி, ஒரு சாண்ல கொண்டாந்துட்டாங்க. டைகாஸ்ட்டுன்னு சொல்றது இதத்தான். நானும் உலோகத்தோட பொழங்குறவன், ஒரு அச்சு வெட்டுறதுக்கு எம்புட்டுக் கைவேலை வேணும்னு எனக்குத் தெரியும். அந்த ஃபேக்டரிய 1979 நவம்பர்ல மூடிட்டாங்க. அங்கன வேலை பாத்தவங்க கை பட்ட சாமான் பாம்பன்ல ஒரு மீன்கார வீட்டு அலமாரியில இருக்குதுன்னா, அத ஏல விலையில மட்டும் பாக்க எனக்கு மனசு வர்ல.

நெறத்தப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா இதுல நெறையப் பேரு ஏமாறுறாங்க. டிவியில ஈகிள் வெள்ளை. டிங்கி போட்ட 359-ஆம் நம்பர் டிரான்ஸ்போர்ட்டர் பச்சை. சரக்கு ஏத்துற 360-ஆம் நம்பர் வெள்ளையும் நீலமும். அதே மாதிரி யுஎஃப்ஓ தொடர்ல வர்ற இன்டர்செப்டர், அதையும் டிங்கி பச்சையாத்தான் போட்டான். தண்டர்பேர்ட்ஸ் தொடர்ல வர்ற தண்டர்பேர்ட் 2-ங்கிற கலம் டிவியில பச்சை, டிங்கியும் 1967-ல பச்சையாப் போட்டுட்டு பின்னாடி நீலமா மாத்திட்டான். அதனால நெறம் மாறியிருக்கு, டூப்ளிகேட்டுன்னு யாராச்சும் சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டா நம்பாதீங்க. வயித்துல எழுத்தப் பாருங்க, கையில கனத்தப் பாருங்க. இன்னொண்ணு, பெட்டிய மட்டும் இப்பப் புதுசா அச்சடிச்சு பழசுன்னு சொல்லி விக்கிறவங்களும் இருக்காங்க, பெட்டி பெட்டின்னு அலையுறவங்களுக்கு இது நல்லதில்ல.

இப்ப எங்க ஊரு விசயத்துக்கு வர்றேன். உப்பு.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு, போட்டையெல்லாம் கரையேத்தி அடிப்பக்கம் சுரண்டி பெயிண்ட் அடிப்போம். அப்ப சுக்கான் பக்கத்துல, போட்டத் தள்ளுற விசிறிகிட்ட ஜிங்க் பிளேட் மாத்துவோம். படகுக்காரங்களுக்கு இது தெரியும், மத்தவங்களுக்குச் சொல்றேன். கடல் தண்ணி இரும்பையும் வெங்கலத்தையும் அரிக்கப் பாக்கும், பக்கத்துல ஜிங்க் இருந்துச்சுன்னா அது முந்திக்கிட்டு தன்னக் குடுத்துரும், சுக்கானும் விசிறியும் தப்பிச்சுக்கும். வருச முடிவுல கழட்டிப் பாத்தா கரையான் அரிச்ச கட்டை மாதிரி இருக்கும், பாதி எடைதான் மிஞ்சும். அந்த ஜிங்க்தான் துத்தநாகம். இந்தப் பொம்மைகளும் அதே துத்தநாகம்தான், நூத்துக்கு நாலு பங்கு வாக்குல அலுமினியம் சேத்த கலவை. கையில அந்த அரிச்ச பிளேட்ட வச்சுக்கிட்டு நிக்கும்போதுதான் ஒரு நாளு எனக்கு பளிச்சுன்னு ஒறைச்சது, வீட்ல தும்பி மேல பூத்துப்போயி வெள்ளையா பொடி விழுறது ஏன்னு. நல்ல காத்துல துத்தநாகம் தனக்குத்தானே ஒரு தோல் போட்டுக்கிட்டு தப்பிச்சுக்கும். எங்க ஊர்க் காத்து அந்தத் தோலப் போட விடாது. வாடைக்காத்து அடிச்சா வடகடல் உப்பு, கச்சான் அடிச்சா தென்கடல் உப்பு, வருசம் முச்சூடும் ஏதாச்சும் ஒரு பக்கம் இருந்து வந்துக்கிட்டேதான் இருக்கும். 1914-ல தொறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு தொரு எடுத்து பெயிண்ட் அடிக்கிற வேலை ஓயாம நடந்ததப் பாத்தே வளந்தவங்க நாங்க, 2025-ல தொறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்சேன்னு தனியா ஒரு பெயிண்டே அடிச்சாங்க. அம்பது வருசமா ஒரு பொம்மை அந்தக் காத்துல பரண்ல கிடந்தா என்ன ஆகும் பாருங்க.

ஆனா பெயிண்ட் இருக்கிற எடத்துல உப்பு சட்டுனு உள்ள போகாது. பெயிண்ட் பேந்த முனையிலதான் ஆரம்பிக்கும். எங்க தும்பிக்கு பெயிண்ட் எப்படிப் பேந்துச்சுன்னு சொன்னா எல்லா வீட்டுக்கும் உபயோகமா இருக்கும். 78-லயோ 79-லயோ, பொங்கலுக்கு முந்தி வீட்ல பித்தளைச் சாமான் எல்லாம் எறக்கி தேய்க்கிறாங்க, குத்துவிளக்கு, அண்டா, செம்பு. எங்க அம்மா பாசமா என் தும்பியையும் எடுத்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சிருச்சு. பித்தளை தங்கமா மின்னும், அதே புளி துத்தநாகத்துல பட்டா அரிச்சுரும், புளிப்புங்கிறது ஆசிட்தானே. தலைப்பக்கம் ஒரு ஓரமா பச்சை போயி, அடியில உலோகம் கருத்துப்போச்சு. அம்மா அன்னைக்கு சேலை முந்தானையால தொடச்சுத் தொடச்சுப் பாத்துச்சு, போகல. அந்த எடம் இன்னமும் அப்படியேதான் இருக்கு, விரல் நகம் அளவு ஒரு கருப்பு. அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சு மறைக்க நான் விடல. எங்க அம்மா கை பட்ட எடம் அது.

பக்கத்து வீட்ல என் கூட்டாளி ஒருத்தன்கிட்ட தண்டர்பேர்ட் 2 இருந்துச்சு, அவங்க அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது. அடியில ஒரு பொத்தான அமுக்குனா நாலு காலும் சடக்குனு வெளிய வந்து நிக்கும், வயித்துப் பெட்டியத் தொறந்தா உள்ள மஞ்சளா குட்டி தண்டர்பேர்ட் 4, அது நீர்மூழ்கி. கடல்கரைப் பயலுகளுக்கு இதவிட என்ன வேணும், பறக்குற கப்பலுக்குள்ள முங்குற கப்பல். ஒரு கால் ஸ்பிரிங் போச்சு, அவ்வளவுதான், அவங்க வீட்ல பழைய இரும்புக்குப் பேரிச்சம்பழம் கூவிக்கிட்டு வந்த வண்டியில தூக்கிப் போட்டுட்டாங்க. ஒரு கை பேரிச்சம்பழம் வந்துச்சு, நானும் ரெண்டு தின்னேன். அந்த ஸ்பிரிங்க இன்னைக்கு நான் அஞ்சு நிமிசத்துல மாட்டிருவேன், அத நெனச்சா இப்பயும் சங்கடமா இருக்கு.

இந்த வருசம் தடைக்காலம் தொடங்குன முதல் வாரம், மண்டபம் பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்கு இன்ஜின் பார்ட் தேடிப் போனேன். ஏதோ வீட்ட இடிச்சு கட்டுறாங்க போல, ஒரு சாக்கு நிறைய பூட்டு, தாழ்ப்பா, ஸ்டவ் பர்னர்னு கொட்டி வச்சிருந்தாங்க. அதுக்குள்ள ஒரு வெள்ளைத் தட்டு எட்டிப் பாத்துச்சு. எடுத்தா என்டர்பிரைஸ். டிங்கி 358-ஆம் நம்பர், நடுத்தட்டுல இருந்து சின்னச் சின்ன வட்டு சுடும், அடிவயித்துக் கதவத் தொறந்தா உள்ள குட்டி விண்கலம் இருக்கணும். வட்டு ஒண்ணுகூட இல்ல, மேல எல்லாம் பஞ்சு பிடிச்ச மாதிரி வெள்ளைப் பூப்பு. கை நடுங்க அடிக்கதவ மெதுவா நகத்தால நெம்புனேன், உள்ள அந்தக் குட்டிக் கலம் அப்படியே உக்காந்திருக்கு. அத்தன வருசமும் யாரும் தொறக்கல போல, நெறம் கூட மங்கல. கடைக்காரரு தராசுல வச்சு எடை பாத்துதான் காசு கேட்டாரு. இதே கப்பல டிவிக்கு எடுக்கப் பயன்படுத்துன 11 அடி மாடல அமெரிக்காவுல வாஷிங்டன் விண்வெளி மியூசியத்துல, நெசமாவே பறந்த விமானங்களும் விண்கலங்களும் இருக்கிற கூடத்துல வச்சாங்க, 2016-ல ஆளுங்கள வச்சு சீர்படுத்தி பழைய நெறத்துக்குக் கொண்டாந்து. நம்ம பேக்கரும்புல கலாம் அய்யா நினைவிடத்துல ராக்கெட், ஏவுகணை மாதிரிகளுக்கு முன்னாடி பிள்ளைக நின்னு வாயப் பொளந்து பாக்குதுக, அத யாரும் பொம்மைதானேன்னு சொல்றதில்ல. வீட்டுப் பரண்ல இருக்கிறதுக்கு மட்டும் ஏன் தராசு?

சரி, அந்த என்டர்பிரைஸ எப்படிக் கரையேத்துனேன்னு சொல்றேன், ஏன்னா நெறைய வீட்ல இதே நெலமைதான் இருக்கும். மொதல்ல நல்ல தண்ணி, கெணத்துத் தண்ணி வேணாம், எங்க ஊர்க் கெணத்துலயே உப்பு, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால ஸ்டிக்கர்ல படாம கழுவி, ஒடனே தொடச்சு, நிழல்ல நல்லாக் காய விட்டேன். வெயில்ல வைக்கக் கூடாது, பெயிண்ட் வெடிக்கும். பூப்பு போன பிறகு பாத்தா உலோகம் குழிகுழியாத்தான் இருக்கு, பரவாயில்ல, கெட்டியா இருக்கு. கெட்டியா இருக்கான்னு பாக்குறதுதான் முக்கியம், ஏன்னா ரெண்டு விதமான நோவு உண்டு. மேல பூக்குறது உப்பால வர்றது, கழுவிக் காய வச்சா நின்னுரும். இன்னொண்ணு உள்ளுக்குள்ளயே வர்றது, வார்க்கும்போது கலவையில ஈயம் இத்துனூண்டு சேந்துட்டாக்கூட, வருசம் போகப்போக உலோகம் ஊதி, நெளிஞ்சு, வெடிச்சு, கையில எடுத்தா பிஸ்கட் மாதிரி உதுந்துரும், ஈரக்காத்து அத இன்னும் வேகப்படுத்தும், அதுக்கு மருந்தே கிடையாது. நல்லவேளை, அது பெரும்பாலும் ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின பொம்மைகள்ல வர்றது, எழுபதுகள்ல வந்த இந்த விண்கலங்களுக்கு அந்தப் பயம் கம்மி. அதனால வெள்ளையாப் பூத்திருக்கு, செத்துப்போச்சுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்றாதீங்க.

வச்சிருக்கிற எடமும் முக்கியம். மர அலமாரி நல்லதுன்னு நெனப்போம், ஆனா சில மரத்துல இருந்து வர்ற புளிச்ச ஆவியே துத்தநாகத்துக்கு ஆகாது, மூடி வச்ச புது அலமாரின்னா இன்னும் மோசம். பாச்சை உருண்டை போடவே கூடாது, அதுல வர்ற ஆவி சில பிளாஸ்டிக்க இளக்கிரும், கண்ணாடி, கால், வட்டு எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். நான் பண்றது, இறுக்கமா மூடுற சம்படம் ஒண்ணு, உள்ள பழைய காட்டன் துணி, செருப்புப் பெட்டியில வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலஞ்சு, மழைக்காலம் முடிஞ்சதும் பொட்டலத்த மாத்திருவேன். தும்பியும் என்டர்பிரைஸும் இப்ப தனித்தனி சம்படத்துல இருக்கு. அதுக்காக பூட்டியே வைக்கிறதும் இல்ல. எம் மகளோட பையன் லீவுக்கு வந்தா கைய நல்லாக் கழுவிட்டு எடுக்கச் சொல்வேன், வேர்வையிலயும் உப்பு இருக்குல்ல. அவன் நடுப்பெட்டியக் கழட்டிட்டு அந்த எடத்துல என்ன வைக்கலாம்னு சுத்திமுத்திப் பாக்குறான், யாரும் சொல்லிக் குடுக்கல.

அய்யா, இதுக்காகத்தான் இம்புட்டும் எழுதுனேன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வேதாளைன்னு இந்தக் கரை பூராவும் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கப்பலேறிப் போன ஆளுக இருந்த வீடுக. அந்த மனுசங்க லீவுல வரும்போது பிள்ளைகளுக்கு என்னத்தையாச்சும் வாங்கியாந்திருப்பாங்க, பேரு தெரியாது, தொடர் பாத்திருக்க மாட்டாங்க, கடையில நின்னு இது நம்ம புள்ளைக்குப் புடிக்கும்னு நெனச்சு வாங்கியிருப்பாங்க. அதுல ரெண்டு நான் பாத்துட்டேன், இன்னும் எத்தனையோ இருக்கும். இப்ப அந்த வீடுகள இடிச்சு மாடி கட்டுறாங்க, பரணக் காலி பண்றாங்க. சாக்குல கட்டுறதுக்கு முந்தி ஒரு தடவ கையவிட்டுப் பாக்கச் சொல்லுங்க. கனமா, குளுந்து போயி, வயித்துல எழுத்தோட ஒண்ணு கையில தட்டுப்பட்டா அத தனியா எடுத்து வைக்கச் சொல்லுங்க.

அடுத்த தடவ அந்த இணைப்புல பழைய பொம்மையப் பத்திப் போடும்போது விலை போடுங்க, வேணாம்னு சொல்லல. பக்கத்துலயே, புளி போட்டுத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணியில கழுவிக் காய வைங்கன்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க அய்யா.

இப்படிக்கு,
ஒரு படகு மெக்கானிக்,
பாம்பன்